பழைய 01வி96 மிக்சரில் எதை எங்கே சொருகுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மாடியில் சின்ன ஸ்டுடியோ, செகண்ட் ஹேண்டில் வாங்கிய யமஹா 01வி96 டிஜிட்டல் மிக்சர். கூடவே ஏடாட் அவுட் (எட்டு சேனல் டிஜிட்டல் ஒலியை ஒரே ஆப்டிகல் கேபிளில் அனுப்பும் வழி) உள்ள எட்டு சேனல் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் சன்னமான சிக்னலைப் பெருக்கும் கருவி), லேப்டாப்போடு ஒலியைக் கொடுத்து வாங்கும் ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், உரத்த சத்தத்தை அமுக்கும் ஓர் அனலாக் கம்ப்ரஸர், கீபோர்டு, பழைய சிடி பிளேயர், வீணையில் ஒட்டுகிற பிக்கப், ஒரு ஜோடி ஆக்டிவ் மானிட்டர் ஸ்பீக்கர். எல்லாவற்றையும் சொருகியாகிவிட்டது, ஆனால் மூன்று தொல்லை. ப்ரீஆம்ப் வழியாக வரும் எல்லாவற்றிலும் டிக் டிக் என்று சத்தம், லேப்டாப் சார்ஜரைப் போட்டால் மானிட்டரில் உர்ர்ர், போனிலிருந்து சினிமாப் பாட்டு போட்டால் பாடகர் குரலை மட்டும் காணோம்.

மூன்றும் தனித்தனிக் கோளாறு மாதிரி தெரிந்தாலும் தொடக்கம் ஒன்றுதான்: பிளக் பொருந்தியது, அதனால் இணைப்பு சரி என்று நினைத்துவிட்டீர்கள். ஆடியோவில் சாக்கெட்டின் வடிவத்தை நம்பி எதுவும் செய்ய முடியாது. எக்ஸ்எல்ஆரில் (மைக் கேபிளின் மூன்று பின் சாக்கெட்) மைக்கின் சில மில்லிவோல்ட்டும் வரும், ஒரு வோல்ட்டுக்கு மேல் போகிற லைன் லெவலும் வரும், ஏஇஎஸ்3 டிஜிட்டலும் வரும். ஆர்சிஏவில் (சிடி பிளேயர், டிவியின் பின்னால் இருக்கும் சின்ன வட்டச் சாக்கெட்) அனலாகும் உண்டு, எஸ்பிடிஃப் டிஜிட்டலும் உண்டு. உங்கள் மிக்சரிலேயே 2டிராக் இன் என்ற பெயரில் அனலாக் ஒரு ஜோடி, டிஜிட்டல் ஒன்று என்று இரண்டு வகையும் இருக்கின்றன. சதுர ஆப்டிகல் ஓட்டையில் இரண்டு சேனல் எஸ்பிடிஃப் போகலாம், எட்டு சேனல் ஏடாட்டும் போகலாம், கேபிளுக்கு வித்தியாசமே தெரியாது. முனை, வளையம், உடல் என்று மூன்று தொடர்பு உள்ள கால் இஞ்ச் டிஆர்எஸ்தான் இவற்றில் பெரிய கில்லாடி: பேலன்ஸ்டு மோனோ, ஸ்டீரியோ ஹெட்போன், இன்செர்ட்டின் (சேனலின் நடுவே வெளிக் கருவியைச் சேர்க்கும் வழி) போக்குவரத்து என மூன்று வேலைக்கும் அதே ஓட்டை. அதனால் ஒவ்வொரு கேபிளையும் சொருகும் முன் அதில் என்ன ஓடுகிறது, எவ்வளவு லெவல், டிஜிட்டல் என்றால் கிளாக் (எல்லாக் கருவியும் ஒரே வேகத்தில் எண்ண வைக்கும் தாளம்) யாருடையது என்று பார்த்துவிட வேண்டும்.

காணாமல் போன பாடகரிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம். போனின் ஹெட்போன் அவுட்டில் முனையில் இடது சேனல், வளையத்தில் வலது சேனல். அதை ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர், மறுமுனையில் கால் இஞ்ச் டிஆர்எஸ் உள்ள கேபிளால் மிக்சரின் ஒரே லைன் இன்புட்டில் சொருகியிருக்கிறீர்கள். அந்த இன்புட்டோ பேலன்ஸ்டு. முனையில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழிப்பதுதான் அதன் வேலை, வழியில் ஏறிய இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் அடிபட்டுப் போகும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது எது? நடுவில் வைத்து மிக்ஸ் செய்த குரல், பேஸ், கிக் டிரம். அதெல்லாம் இரைச்சலோடு இரைச்சலாகக் கழிந்துவிடும், ஓரத்தில் இருக்கும் வயலினும் குரலின் ரிவெர்ப் (எதிரொலி) வாலும்தான் மிஞ்சும். ஒரு பக்கம் ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு தனி மோனோ பிளக் உள்ள ஒய் கேபிள் வாங்கி இரண்டு சேனலில் போட்டு, பேன் குமிழை (சத்தத்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளுவது) இடது வலதாகத் திருப்பினால் பாடகர் திரும்பி வந்துவிடுவார்.

அடுத்தது லெவல். ஸ்டுடியோக் கருவிகளின் லைன் லெவல் +4 டிபியு, அதாவது 1.228 வோல்ட். வீட்டுக் கருவிகளின் ஆர்சிஏ -10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். எண்களைப் பார்த்து 14 டெசிபெல் வித்தியாசம் என்று கணக்கு போடாதீர்கள், இரண்டின் அடிப்படை அளவும் வேறு. உண்மையான வித்தியாசம் ஏறக்குறைய 12 டெசிபெல். சிடி பிளேயரை +4 இன்புட்டில் போட்டால் சத்தம் குறைவாக இருக்கும், கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் குமிழ்) ஏற்றிக்கொள்ளலாம், பெரிய நஷ்டம் இல்லை. மிக்சரின் +4 அவுட்டைக் கொண்டுபோய் ஒரு வீட்டு ரெக்கார்டரின் ஆர்சிஏ இன்புட்டில் திணிப்பதுதான் தப்பு, உரத்த இடங்களில் சத்தம் உடைந்து போகும். உங்கள் கம்ப்ரஸரின் பின்பக்கம் +4 / -10 என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் +4க்குத் தள்ளிவிடுங்கள்.

கீபோர்டுக்கு அதிக யோசனை வேண்டாம். இடது வலது இரண்டையும் சாதாரண மோனோ கேபிளில் 13, 14 லைன் இன்புட்டில் போடுங்கள், கேபிளை ஐந்து மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வீணை பிக்கப் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். “வீணைச் சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கிறது” என்று நீங்கள் எழுதியதற்கு பிக்கப்பின் தரம் காரணமாக இருக்காது. ஒட்டுகிற பிக்கப் பெரும்பாலும் பீசோ, அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் சில்லு. அது மின்சார ரீதியாக ஒரு சின்ன கப்பாசிட்டர், 10 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். லைன் இன்புட்டின் எதிர்ப்பு சுமார் 10 கிலோ ஓம் என்றால், இரண்டும் சேர்ந்து 1600 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையெல்லாம் வெட்டும் ஃபில்டராகிவிடும். வீணையின் கனமான பகுதி முழுக்க அதற்குக் கீழேதான் இருக்கிறது, அப்புறம் மிஞ்சுவது தந்தியின் கீச்சு மட்டும். அதே பிக்கப் 1 மெகா ஓம் இன்புட்டைப் பார்த்தால் அந்த வெட்டு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், காதுக்கு எட்டாத இடம். ஆகவே ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (பிக்கப்பின் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வாங்குங்கள், இன்புட் 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். அதன் எக்ஸ்எல்ஆர் அவுட்டில் மைக் லெவல்தான் வரும், அதை மைக் இன்புட்டில் போட வேண்டும். ஈக்யூவில் பேஸைத் தூக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், வராததைத் தூக்கினால் ஹம்தான் வரும்.

டிஐ பாக்ஸுக்கு 48 வோல்ட் ஃபேண்டம் (மைக் கேபிள் வழியாகவே மிக்சர் அனுப்பும் மின்சாரம்) தேவைப்படலாம். 01வி96இல் ஃபேண்டம் சேனலுக்கு ஒன்றாகக் கிடையாது, 1-4, 5-8, 9-12 என்று நாலு நாலாகத்தான் போட முடியும். அதனால் கண்டென்சர் மைக், டிஐ எல்லாம் ஒரு கூட்டத்தில் இருக்கட்டும். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் அதே கூட்டத்தில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, பழைய ரிப்பன் மைக் ஏதாவது இரவல் வந்தால் மட்டும் வேறு கூட்டத்துக்கு மாற்றுங்கள். நாதஸ்வரம், தவில் பதியும்போது கெயினை முழுக்கக் குறைத்தும் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தச் சேனலின் 20 டெசிபெல் பேடை (சிக்னலைக் குறைக்கும் பட்டன்) அழுத்துங்கள்.

கம்ப்ரஸருக்கு இன்செர்ட். 1 முதல் 12 வரை சேனல்களுக்குப் பின்பக்கம் இன்செர்ட் சாக்கெட் உண்டு, ஒரே டிஆர்எஸ்ஸில் முனை வழியாக வெளியே போகும், வளையம் வழியாக உள்ளே வரும். டிஆர்எஸ்ஸிலிருந்து இரண்டு மோனோவாகப் பிரிகிற இன்செர்ட் கேபிள் வேண்டும், போன் பாட்டுக்கு வாங்கச் சொன்ன ஒய் கேபிளும் உள்ளே இதே அமைப்புதான், தலைப் பிளக் மட்டும் கால் இஞ்ச். முனையிலிருந்து வரும் கால் கம்ப்ரஸரின் இன்புட்டுக்கு, வளையத்தின் கால் அவுட்புட்டுக்கு. மாற்றிப் போட்டால் எதுவும் கெட்டுப்போகாது, சத்தம்தான் வராது. இந்த மிக்சரில் இன்செர்ட் இருப்பது டிஜிட்டலாக மாறுவதற்கு முந்தைய இடத்தில். அங்கே அமுக்கியது அமுக்கியபடியே ரெக்கார்ட் ஆகும், பின்னால் எடுக்க முடியாது. எனக்கு அது பிடிக்கும், பாடகர் திடீரென்று உச்சஸ்தாயிக்குப் போகும்போது அனலாகை டிஜிட்டலாக்கும் கன்வர்ட்டரில் சத்தம் உடையாமல் காப்பாற்றும். ஆனால் லேசாக, மூன்று நாலு டெசிபெல்லுக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது டிக் டிக்.

உங்கள் மேசையில் மூன்று டிஜிட்டல் கருவிகள் இருக்கின்றன: மிக்சர், ப்ரீஆம்ப், இன்டர்ஃபேஸ். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிரிஸ்டல், ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அலையை ஒரு முறை அளந்த எண்) என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. லேபிளில் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கிரிஸ்டல் ஒரே வேகத்தில் ஓடவே ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே, 48,000இல் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் கூடும் அல்லது குறையும். ப்ரீஆம்ப் ஒரு சாம்பிள் அதிகமாக அனுப்பினால் மிக்சர் எதையாவது ஒன்றை விழுங்கியாக வேண்டும், குறைவாக அனுப்பினால் ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். அந்த இடத்தில் அலை உடைகிறது, உங்களுக்கு டிக் என்று கேட்கிறது. கேபிளை மாற்றியும் போகவில்லை என்றீர்கள்; போகாது, கேபிள் கோளாறே இல்லை இது. ஒருவர் மட்டும் எண்ண வேண்டும், மற்ற இருவரும் அவரைக் கேட்டு நடக்க வேண்டும்.

உங்கள் செட்டப்பில் மிக்சரே தலைவராக இருக்கட்டும். மிக்சரில் டிஐஓ/செட்டப் பட்டனை அழுத்தி வேர்ட் கிளாக் பக்கத்துக்குப் போங்கள், இன்டர்னல் 48 கிலோஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் மானிட்டர் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுங்கள், கிளாக் மாறும் நொடியில் பட்டென்று ஒரு சத்தம் வரலாம். அப்புறம் ப்ரீஆம்பின் பின்பக்கம் பாருங்கள், சிங்க் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், இப்போது அது இன்டர்னலில் நிற்கிறது என்று அடித்துச் சொல்வேன். அதை வேர்ட் கிளாக்குக்கு மாற்றி, மிக்சரின் வேர்ட் கிளாக் அவுட்டிலிருந்து ப்ரீஆம்பின் வேர்ட் கிளாக் இன்னுக்கு ஒரு பிஎன்சி கேபிள் (திருகிப் பூட்டும் முனை உள்ளது) போடுங்கள்.

அந்தக் கேபிள் 75 ஓம் ஆக இருக்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் சிசிடிவி கடையிலோ கேட்டால் ஆர்ஜி-59 கேபிளில் இரண்டு பக்கமும் பிஎன்சி போட்டுக் கொடுப்பார்கள், அதுவே போதும், ஆடியோக் கடையின் தங்க முலாம் எல்லாம் தேவையில்லை. ஆர்ஜி-58 மட்டும் வேண்டாம், பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அது 50 ஓம், ரேடியோக்காரர்களின் கேபிள். ப்ரீஆம்பில் 75 ஓம் டெர்மினேஷன் ஸ்விட்ச் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

இனி ஏடாட். 01வி96இல் ஒரு ஏடாட் இன், ஒரு ஏடாட் அவுட், அவ்வளவுதான். ப்ரீஆம்ப், இன்டர்ஃபேஸ் இரண்டும் அந்த ஒரே இன்னுக்குப் போட்டி போடுகின்றன, அதனால்தான் கேபிளை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் இருக்கும் ஸ்லாட்டில் கூடுதல் ஏடாட் தரும் எம்ஒய்8-ஏடி அல்லது எம்ஒய்16-ஏடி கார்டு போட்டால் பிரச்சினை தீரும், ஆனால் செலவில்லாமலும் முடியும். ப்ரீஆம்பின் ஏடாட் அவுட் மிக்சரின் ஏடாட் இன்னுக்கு. மிக்சரின் ஏடாட் அவுட் இன்டர்ஃபேஸின் ஆப்டிகல் இன்னுக்கு, ரெக்கார்ட் செய்ய எட்டு சேனல் கிடைத்துவிடும். கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி வர ஸ்டீரியோ போதும்தானே? இன்டர்ஃபேஸின் கோஆக்ஸியல் எஸ்பிடிஃப் அவுட்டை மிக்சரின் டிஜிட்டல் 2டிராக் இன்னில் போடுங்கள். இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலில் கிளாக் சோர்ஸ் ஏடாட், ஆப்டிகல் சாக்கெட் எஸ்பிடிஃப் அல்ல ஏடாட் என்று இரண்டையும் மாற்ற மறக்காதீர்கள். ஆப்டிகல் கேபிளிலேயே கிளாக்கும் சேர்ந்து வருவதால் இன்டர்ஃபேஸுக்குத் தனி பிஎன்சி வேண்டாம்.

ஆப்டிகல் கேபிள் புதிது என்றால் இரண்டு முனையிலும் குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றிவிட்டுச் சொருகுங்கள், ஒளி ஊடுருவும் மூடி என்பதால் கண்ணுக்கே தெரியாது. எது அவுட், எது இன் என்று சந்தேகம் வந்தால் ஒரு முனையைச் சொருகி மறுமுனையை உள்ளங்கையில் காட்டுங்கள், சிவப்பு வெளிச்சம் விழுந்தால் அது அவுட்.

சிடி பிளேயருக்கும் டிஜிட்டல் அவுட் இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். வீட்டு சிடி பிளேயருக்குக் கிளாக்கை உள்ளே வாங்க வழியே கிடையாது, அது தன் 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே ஓடும். அதை டிஜிட்டலாக இணைத்தால் மிக்சர் முழுவதும் அதைப் பின்பற்ற வேண்டும், அதை ஆஃப் செய்தால் ஸ்டுடியோவே தடுமாறும். அனலாக் 2டிராக் இன் ஜோடி அதற்காகவே -10 லெவலில் இருக்கிறது, அதில் போட்டுவிடுங்கள்.

48ஆ 44.1ஆ என்பது உங்கள் விருப்பம். வீடியோவுக்குப் போகும் வேலை என்றால் 48தான் வழக்கம். 96 வேண்டாம், அதில் ஏடாட்டின் எட்டு சேனல் நாலாகிவிடும். எதுவானாலும் கம்ப்யூட்டரில் இருக்கும் செஷனும் (ரெக்கார்டிங் கோப்பு) அதே எண்ணில் இருக்க வேண்டும். 44.1இல் பதிந்த செஷன் 48 கிளாக்கில் ஓடினால் பாட்டு வேகமாகி, சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். “நேற்று பாடியது இன்று கூடுதலாக ஒலிக்கிறது” என்று பாடகர் சொன்னால் அவர் காதைச் சந்தேகப்படாமல் கிளாக்கைப் பாருங்கள்.

டிஜிட்டலில் லெவல் பற்றி ஒரு வார்த்தை. 0 டிபிஎஃப்எஸ் என்பது கூரை, அதற்கு மேல் இடமே இல்லை. அனலாக் மிக்சரில் மீட்டரை 0இல் ஆடவிட்டுப் பழகிய கைகள் இங்கேயும் அப்படியே செய்யும். அமெரிக்க சினிமா, டிவி பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇயின் வழக்கப்படி அனலாகின் +4 டிபியு இங்கே -20 டிபிஎஃப்எஸ்ஸில் உட்காரும். ஐரோப்பிய ஒளிபரப்புக்காரர்களின் ஈபியு வழக்கில் 0 டிபியு -18இல். சராசரி -20 பக்கம், உச்சம் -6ஐத் தாண்டாமல் வைத்துப் பதியுங்கள். 24 பிட்டில் கீழே இடம் தாராளம், மேலே துரத்த வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியாக அந்த உர்ர்ர். சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்தது. சார்ஜரிலிருந்து கசியும் மின்னோட்டமும் எர்த் வழியாகச் சுற்றும் மின்னோட்டமும் ஆடியோக் கேபிளின் ஷீல்டு (கம்பியைச் சுற்றிய உலோக உறை) வழியாக ஓடுகின்றன. ஆப்டிகல் கேபிளில் உலோகம் இல்லை, அதனால் அந்தப் பக்கம் எதுவும் ஓடாது. யுஎஸ்பி இன்டர்ஃபேஸின் அனலாக் அவுட் எதையாவது மிக்சரில் சொருகி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், இருந்தால் அதுதான் பாதை, கழற்றிவிடுங்கள், மேலே சொன்ன டிஜிட்டல் வழி வந்தபின் அது தேவையில்லை. கோஆக்ஸியல் எஸ்பிடிஃப் கேபிளும் உலோகம்தான் என்பதால் அதைப் போட்டதும் உர்ர் திரும்பி வரலாம். டிஜிட்டல் டேட்டாவுக்குள் ஹம் ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த ஷீல்டு வழியாக எர்த் மறுபடி சேர்ந்து மிக்சரின் அனலாக் பகுதியைத் தொந்தரவு செய்கிறது. அப்படி நடந்தால் இன்டர்ஃபேஸின் ஆப்டிகல் அவுட்டை எஸ்பிடிஃப் மோடுக்கு மாற்றி, டிவிக்காக விற்கும் ஆப்டிகல்-கோஆக்ஸியல் குட்டி டப்பா ஒன்றை மிக்சர் அருகில் வையுங்கள். சில இன்டர்ஃபேஸில் ஆப்டிகல் இன்னும் அவுட்டும் சேர்ந்தே மோடு மாறும், அதில் இது நடக்காது. அங்கே எஸ்பிடிஃப் கேபிளின் நடுவில் ஒரு டிஜிட்டல் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி.

மிக்சர், மானிட்டர், லேப்டாப் எல்லாம் ஒரே ஸ்பைக் பஸ்டரிலிருந்து பவர் எடுக்கட்டும். மானிட்டருக்குப் போகும் கேபிள் உண்மையில் பேலன்ஸ்டு தானா என்று திறந்து பாருங்கள்: முனை எக்ஸ்எல்ஆரின் 2ஆம் பின்னுக்கு, வளையம் 3க்கு, ஷீல்டு 1க்கு. கால் இஞ்ச் பக்கம் ஒரே ஒரு கருப்பு வளையம் இருந்தால் அது மோனோ பிளக், பேலன்ஸ்டு இல்லை. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பாடகர் உதடு மைக்கில் படுகிற இடம் அது, உயிர் போகும் விஷயம்.

இன்னொன்று, கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி வரும் ஸ்டீரியோவை ஸ்டீரியோ இன் சேனலில் பேட்ச் செய்யுங்கள் (மிக்சருக்குள் இணைப்பது), அதை ஏடாட் அவுட்டுக்குப் போகிற எந்த பஸ்ஸிலும் (பல சேனல்கள் சேர்ந்து போகும் பாதை) சேர்க்காதீர்கள். சேர்த்தால் வெளியே போனதே உள்ளே வந்து சுற்றிச் சுற்றி ஊளையிடும். ரெக்கார்டிங்கின்போது சாஃப்ட்வேரில் இன்புட் மானிட்டரிங்கை (உள்ளே வருவதைத் திருப்பிக் கேட்கவிடும் வசதி) அணைத்து மிக்சர் வழியாகவே கேளுங்கள். இரண்டும் திறந்திருந்தால் சில மில்லிவினாடி தள்ளி வரும் குரல் நேர்க் குரலோடு கலந்து குழாய்க்குள் பாடுகிற மாதிரி இருக்கும்.

எல்லாம் சரிசெய்தபின் மறுநாள் ஆன் செய்ததும் பழையபடி டிக் டிக் வந்தால் பதறாதீர்கள், முதலில் ஸ்கிரீனில் லோ பேட்டரி என்று எச்சரிக்கை வருகிறதா பாருங்கள். நினைவகத்தைத் தாங்கும் பேட்டரி உள்ளே இருக்கிறது, இந்த வயதுக்கு அது தீர்ந்திருக்கலாம், தீர்ந்தால் நீங்கள் போட்ட கிளாக்கும் பேட்சும் நிற்காது. சர்வீஸ் தெரிந்தவரிடம் மாற்றச் சொல்லுங்கள், அதற்கு முன் யுஎஸ்பி வழியாக யமஹாவின் ஸ்டுடியோ மேனேஜர் சாஃப்ட்வேரில் எல்லா செட்டிங்கையும் சேவ் செய்து வைத்துவிடுங்கள்.